இளையோர் அலமாரிக்குப் பின்னால் யார்

பையை நகர்த்த வேண்டாம், தம்பி. நமக்கு நடுவிலேயே இருக்கட்டும். உள்ளே ஒரு மனு, ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு புத்தகம். அவ்வளவுதான். கேட்காமலே சொல்லிவிடுவது என் பழக்கம். ஒரு காலத்தில் நான் பையோடு பஸ் ஏறினால் எனக்குப் பின்னால் இன்னொருவர் ஏறுவார். பையில் என்ன என்று தெரிந்துகொள்ளாமல் அவருக்குச் சோறு இறங்காது.

நீங்கள் நூலகத் துறையில் இல்லையே? பதிப்பகம் எதிலும் வேலை பார்க்கவில்லையே? தொண்டு நிறுவனம்? தோளில் கறுப்புப் பை, கழுத்தில் அடையாள அட்டை, அதனால் கேட்டேன். கம்ப்யூட்டர் ரிப்பேரா. அட்டையைக் கொஞ்சம் திருப்புங்கள், பார்க்கிறேன். சரிதான். நம்புகிறேன்.

என் பெயர் அர்த்தநாரி. இந்தப் பக்கத்தில் கேட் அர்த்தநாரி என்றால்தான் தெரியும். மில் கேட் முன்னால், ஷிப்டு மாறும் நேரத்தில், ஸ்டூலில் ஏறி நின்று பேசியவன். இப்போது அங்கே மில் இல்லை, கல்யாண மண்டபம் இருக்கிறது. கேட் மட்டும் பழைய கேட்தான். அதே கேட்டுக்கு முன்னால் இப்போது பன்னீர் தெளிக்கிறார்கள். எனக்குப் பத்திரிகை வைத்தாலும் நான் உள்ளே போவதில்லை.

எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. பிறகு நான் படித்ததெல்லாம் துண்டறிக்கை. உலகத்தில் நடக்கிற எதையும் ஒரு தாளின் இரண்டு பக்கத்தில் சொல்லிவிடலாம் என்பது என் கருத்து. அதற்கு மேல் நீட்டுகிறவன் எதையோ மறைக்கிறான்.

இப்போது நான் போவது மாவட்ட நூலக அலுவலகத்துக்கு. கோரிக்கை ஒன்றே ஒன்று. எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் இருக்கும் இளையோர் அலமாரியை அகற்ற வேண்டும். நான் வாசகர் வட்டத் தலைவர். தலைவர் மனு கொடுத்தால் அகற்றிவிடுவார்கள், சந்தேகமே வேண்டாம். முன்பு ஒருமுறை மின்விசிறி சத்தம் போடுகிறது என்று மனு கொடுத்தேன். ஆள் வந்து மின்விசிறியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். அது திரும்பி வரவே இல்லை. எடுத்துக்கொண்டு போவதில் அவர்கள் தாமதம் செய்வதில்லை.

ஒரு புத்தக அலமாரி உங்களை என்ன செய்தது என்று கேட்கத் தோன்றுகிறது உங்களுக்கு. கேளுங்கள். எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள்.

போன கோடையில் எங்கள் நூலகத்துக்குப் புதிதாக ஒரு பெண் வந்தார். ஜெனோவா என்று பெயர். கன்னியாகுமரிப் பக்கம். இருக்கிற ஊரையெல்லாம் விட்டுவிட்டு அவ்வளவு தூரத்திலிருந்து ஒருவரை எதற்கு இங்கே அனுப்ப வேண்டும்? அதை யாரும் கேட்கவில்லை. வந்த வேகத்தில் ஜன்னல் ஓரத்து அலமாரியைக் காலி செய்து துடைத்து, 'இளையோர்' என்று மேலே எழுதி ஒட்டினார். பதின்மூன்று வயதிலிருந்து பதினெட்டு வரை உள்ள பிள்ளைகளுக்காம்.

நான் போய்க் கேட்டேன். அந்தப் பெண் எழுந்து நின்றுதான் பதில் சொன்னார். அதில் குறை சொல்ல மாட்டேன்.

"சின்னப் பிள்ளைங்க பக்கம் முயல் கதை இருக்கு ஐயா. பெரியவங்க பக்கம் ஜோசியமும் பரீட்சை கைடும் இருக்கு. நடுவுல உள்ளதுங்க எங்க போகும்?"

"நடுவில் உள்ளவர்கள் வேலைக்குப் போனார்கள் அம்மா. நான் பதினான்கு வயதில் ஸ்பின்னிங்கில் இருந்தேன்."

"அது இனி இருக்கக் கூடாதுன்னுதானே ஐயா நீங்க போராடினிய."

பார்த்தீர்களா. புகழ்கிற மாதிரி வாயை அடைப்பது. இது தானாக வராது. எங்கேயோ பயிற்சி கொடுத்திருக்கிறார்கள்.

அந்த ஜன்னல் ஓரத்து அலமாரியில் முன்பு எங்கள் சங்கத்தின் துண்டறிக்கைகள் இருந்தன. ஆண்டுவாரியாக பைண்டு செய்து நான்தான் கொடுத்தேன். பெரும்பாலும் நான் எழுதியவை. இப்போது அவை மாடியில் உடைந்த நாற்காலிகளோடு இருக்கின்றன. அதற்கும் இந்த மனுவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நீங்களே அப்படி ஒரு முடிச்சுப் போட்டுவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

நான் எடுத்த எடுப்பில் எதிர்க்கவில்லை. முதலில் விசாரித்தேன். அதுதான் முறை. சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகள் அங்கே கூடுகிறார்கள் என்று தெரிந்தது. என் பேத்தி நிறைமதியும் அதில் ஒருத்தி. மகன் வழிப் பேத்தி, பத்தாவது படிக்கிறாள், என்னை அப்பாரு என்று கூப்பிடுவாள். வீட்டில் நான் ஒன்று கேட்டால் ஒரு வார்த்தையில் பதில் சொல்லுகிற பெண். அங்கே போய் என்ன பேசுகிறாள்? நான் போய்க் கடைசிப் பெஞ்சில், தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு விதி வைத்திருக்கிறார்கள். ஒரு பிள்ளை எழுந்து நின்று தான் படித்த புத்தகத்தை இன்னொருவருக்குப் பரிந்துரை செய்ய வேண்டும். ஆனால் நல்ல புத்தகம் என்று சொல்லக் கூடாது. கதையையும் சொல்லக் கூடாது. யாருக்கான புத்தகம் என்று மட்டும் சொல்ல வேண்டும். பெயர் சொல்லக் கூடாது, ஆளைச் சொல்ல வேண்டும். ஒரு பையன் எழுந்து, "இது வகுப்புல எப்பவும் ரெண்டாவது வர்றவங்களுக்கு" என்றான். ஒரு பெண், "இது அம்மாகிட்ட சண்டை போட்டுட்டு, யாரு முதல்ல பேசறதுன்னு உக்காந்திருக்கறவங்களுக்கு" என்றாள். உடனே மூன்று கை நீண்டது. யார் அதை வாங்கிக்கொண்டு போகிறார்களோ, அவர்கள் அடுத்த சனிக்கிழமை கட்டாயம் வந்து, அது தங்களுக்குத்தானா இல்லையா என்று எழுந்து நின்று சொல்ல வேண்டும். வராமல் இருக்க முடியாது.

நான் ஐம்பது ஆண்டு அமைப்பு கட்டியவன், தம்பி. பொருளைச் சொல்லாதே, ஆளைச் சொல். பெயரைச் சொல்லாதே, அடையாளத்தைச் சொல். வாங்கியவன் திரும்பி வந்து தகவல் கொடுக்க வேண்டும். இது என்ன? ரகசியக் கிளை நடத்துகிற முறை. தலைமறைவாக இருந்தபோது நாங்கள் சாப்பாட்டுக் கேரியரில் சீட்டு அனுப்பியது இப்படித்தான். கதைப் புத்தகம் படிக்க இவ்வளவு ஒழுங்கு எதற்கு?

எங்கள் கூட்டங்களுக்கு மப்டியில் ஒரு போலீஸ் ஏட்டு வருவார். கடைசி வரிசையில் உட்கார்ந்து நிலக்கடலை சாப்பிட்டுக்கொண்டே குறிப்பு எடுப்பார். அவருக்கு நாங்களே டீ வாங்கிக் கொடுப்போம். அன்பு ஒன்றும் இல்லை, ஆள் கண்பார்வையில் இருக்கட்டும் என்றுதான். இரண்டாவது சனிக்கிழமை நான் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பு எடுத்துக்கொண்டிருக்கிறேன், ஒரு சின்னப் பெண் வந்து டீ டம்ளரை நீட்டுகிறாள். "ஜெனோவா அக்கா குடுக்கச் சொன்னாங்க தாத்தா." வாங்கிக் குடித்தேன். எனக்குத் தெரியாதா அந்த டீ எதற்கு என்று.

அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வரும்போது நிறைமதியிடம் கேட்டேன். "இதற்கெல்லாம் பின்னால் யார்?"

"யாருமில்ல அப்பாரு. நாங்களேதான்."

"விதி போட்டது?"

"நாங்களேதான். எல்லாரும் சூப்பர் புக்கு, சூப்பர் புக்குன்னே சொன்னாங்க. யாரும் எடுக்கல. அதுக்கப்பறம் இப்படி வெச்சோம்."

நாங்களேதான். இந்த வார்த்தை எனக்குத் தெரியாததா? தொழிலாளர்கள் தாங்களாகவே வேலையை நிறுத்தினார்கள் என்று முதலாளியிடம் நானும்தான் சொன்னேன். அவர் நம்பவில்லை. யாரோ தூண்டிவிடுகிறார்கள், வெளியாள் ஒருவன் புகுந்திருக்கிறான் என்றார். அவர் நம்பாததில் நியாயம் இருந்தது. பின்னால் நான் இருந்தேன்.

அந்தப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தேன். படிக்கவில்லை, புரட்டினேன். தாள் நல்ல வழவழப்பு. யார் கொடுத்த தாள்? அட்டையில் படம், உள்ளே படம். ஒன்றில் கடற்கரை ஊர்ப் பெண் ஒருத்தி படகில் ஏறியே தீருவேன் என்கிறாள். ஒன்றில் மலைமேல் ஒரு விடுதிப் பள்ளிக்கூடம், அது மொத்தம் மூன்று பாகமாம். எதிலும் முதலாளி இல்லை. கூலி இல்லை. விலைவாசி இல்லை. ஒரு பிள்ளைக்குப் பயம், இன்னொரு பிள்ளைக்குக் கோபம், ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்துகொள்கிறது. பயம் எதனால் வந்தது, யாரால் வந்தது என்று ஒரு வரி கிடையாது. காரணத்தை மறைத்துவிட்டு உணர்ச்சியை மட்டும் விற்பது யாருடைய வேலை? யோசிக்க வேண்டாமா?

அலமாரியைப் பூட்டு என்று நான் சொல்லவில்லை. தடை செய் என்று கோஷம் போடவில்லை. சட்டப்படி வேலை என்று எங்களுக்கு ஒரு போராட்ட முறை உண்டு. வேலைநிறுத்தம் செய்தால் பிடித்து உள்ளே போடுவார்கள். ஆகவே விதிப் புத்தகத்தில் எப்படிச் சொல்லியிருக்கிறதோ அப்படியே, ஓர் அணுவும் பிசகாமல் வேலை செய்வது. மில் தானாக நின்றுவிடும். நூலகத்தில் விதி என்ன? ஓர் உறுப்பினருக்கு மூன்று புத்தகம். கெடு முடிந்தால் புதுப்பித்துக்கொள்ளலாம். வயது வரம்பு என்று எதுவும் எழுதியிருக்கவில்லை.

எங்கள் பழைய ஆட்கள் எல்லோரையும் பேக்கரிக்கு வரச் சொன்னேன். ஆறுக்குட்டி வந்தான். தேவசகாயம் வந்தான். கேட் கூட்டத்துக்குக் கொடி பிடித்தவர்கள், மிச்சம் இருப்பவர்கள் எல்லோரும் வந்தார்கள். உறுப்பினர் அட்டை எல்லோரிடமும் உண்டு, நான்தான் எடுக்க வைத்தேன். திட்டத்தைச் சொன்னேன். எல்லோரும் போய் இளையோர் அலமாரியில் ஆளுக்கு மூன்று எடுங்கள். வீட்டில் பீரோ மேல் வையுங்கள். கெடு முடிந்தால் புதுப்பியுங்கள். படிக்க வேண்டிய அவசியம் இல்லை. இதைத் தெளிவாகச் சொன்னேன், தம்பி. படிக்க வேண்டிய அவசியம் இல்லை.

"அப்ப எதுக்குங் தலைவரே எடுக்கறது?" என்றான் தேவசகாயம். அவனுக்கு எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டும்.

"அலமாரி காலியாக இருப்பதற்கு."

அன்றைக்கே அலமாரி காலி. ஜெனோவா தடுக்கவில்லை. ஒவ்வொரு புத்தகமாகத் தேதி முத்திரை குத்திக் கொடுத்தார். ஆறுக்குட்டியிடம் மட்டும், "இது ரொம்ப நல்லா இருக்கும், பாத்துக்கிடுங்க" என்றாராம். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆனால் என் ஆட்கள் மேல் எனக்கு நம்பிக்கை இருந்தது. மில் கேட்டில் தடியடி நடந்தபோது ஒருவன் ஓடவில்லை. ஆறுக்குட்டிக்கு மண்டை உடைந்தது, கொடியைக் கீழே போடவில்லை.

அந்த ஆறுக்குட்டிக்கு முழங்காலில் வலி. வீட்டில் கட்டிலில் கிடந்தவன் பீரோவைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான்.

ஒரு நாள் காலையில் பேக்கரிக்குப் போகிறேன். ஆறுக்குட்டியும் தேவசகாயமும் டீயைத் தொடாமல் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

"ரெண்டாம் பாகம் உன்ற ஊட்டுலதான இருக்குது? குடுத்தா என்னடா?" என்கிறான் ஆறுக்குட்டி.

"நான் இன்னும் முடிக்கிலடா. அந்த வார்டன் எங்க போனான்னே தெரியில."

"நான் ஒண்ணாம் பாகம் முடிச்சு ஒரு வாரம் ஆச்சு. மனுசன் எத்தன நாளைக்குக் காத்துக் கெடக்கறது?"

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். தேவசகாயம் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். நின்று என்ன சொன்னான் தெரியுமா? "தலைவரே, மூணாம் பாகம் யாருகிட்டங்க இருக்குது?"

கருங்காலி என்று எங்கள் அகராதியில் ஒரு சொல் உண்டு. போராட்டத்தின்போது உள்ளே போய் வேலை செய்கிறவன். அந்தச் சொல் என் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. ஆறுக்குட்டியின் நெற்றியில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். கூச்சல் போட்டிருந்தால் எனக்குப் பிடித்திருக்கும். எதிரி கூச்சல் போட்டால் பாதி வேலை முடிந்தது. அவர்கள் அலமாரி காலியாக இருக்கிறதைப் பார்த்தார்கள். யார் யார் வாங்கிப் போனார்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். பிறகு இரண்டு இரண்டு பேராகக் கிளம்பி ஒவ்வொரு வீடாகப் போனார்கள். சண்டைக்கு இல்லை. அழைக்க. "புக்கு எடுத்தீங்கல்லங் தாத்தா. எடுத்தவங்க சனிக்கெழமை வந்து அது உங்களுக்குத்தானான்னு சொல்லோணும். அதுதாங்க விதி." என் விதியை வைத்து நான் அடித்தேன், அவர்கள் விதியை வைத்து அவர்கள் அடித்தார்கள். இதைச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லையாம். என்னை நம்பச் சொல்கிறார்கள்.

ஆறுக்குட்டி போனான். வெள்ளை வேட்டி, சலவை சட்டை. நானும் என் கடைசிப் பெஞ்சில் இருந்தேன். முறை வந்ததும் எழுந்து நின்றான். நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டான். எனக்கு அவனைச் சின்னப் பிள்ளையிலிருந்து தெரியும். ஒரு கூட்டத்தில் அவன் பேசி நான் கேட்டதில்லை. பேசுவது என் வேலை, கொடி பிடிப்பது அவன் வேலை. அப்படித்தான் பிரித்திருந்தோம், யாருக்கும் குறை இல்லை.

"இந்தப் படகு புஸ்தகமுங்க," என்றான். அப்புறம் அட்டையைத் தடவிக்கொண்டே நின்றான். சிரிக்கிற வயசுப் பிள்ளைகள், ஒருவரும் சிரிக்கவில்லை. "இது எனக்கில்லீங்க. கடலுக்குக் கூட்டிட்டுப் போறேன், கூட்டிட்டுப் போறேன்னு ஒருத்தரு சொல்லிச் சொல்லியே, ஒருத்தி கெழவியாயிட்டாளுங்க. அவளுக்குங்க. அவளுக்குப் படிக்கத் தெரியாது. நாந்தான் படிச்சுக் காட்டுனேன்."

உட்கார்ந்தான். பிள்ளைகள் கை தட்டினார்கள். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன்.

உடனே புரிந்துவிட்டது எனக்கு. என் அமைப்பின் நடுத்தூணைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து உருவியிருக்கிறார்கள். அந்தப் புத்தகத்தை அவன் கையில் கொடுத்து, ரொம்ப நல்லா இருக்கும் என்று சொன்னது யார்? யோசியுங்கள்.

இனி தாமதிக்கக் கூடாது என்று வாசகர் வட்டக் கூட்டத்தைக் கூட்டினேன். தீர்மானம் நானே எழுதினேன். 'இளைய தலைமுறையின் சமூக உணர்வை மழுங்கடிக்கும் நோக்கத்தோடு நிறுவப்பட்டுள்ள அலமாரியை இக்கூட்டம் வன்மையாகக் கண்டிப்பதுடன், உடனடியாக அகற்றக் கோருகிறது.' நல்ல வாக்கியம். படித்துவிட்டு நிமிர்ந்தேன். தீர்மானத்தை நான் முன்மொழிவேன், ஆறுக்குட்டி வழிமொழிவான். எத்தனையோ தீர்மானம், எத்தனையோ கூட்டம், அது மாறியதே இல்லை. நான் படித்து முடித்ததும் இடது பக்கத்திலிருந்து 'வழிமொழிகிறேன்' என்று ஒரு குரல் வரும். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன்.

குரல் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். நாற்காலி காலி.

"ஆறுக்குட்டி எங்கே?"

"அவன் சம்சாரத்தக் கூட்டிக்கிட்டு திருச்செந்தூரு போயிட்டானுங் தலைவரே," என்றான் தேவசகாயம். "கடல் காட்டறதுக்கு."

முழங்கால் வலிக்காரன். எங்கள் சங்க மாநாட்டுக்கு வர மாட்டேன், நடக்க முடியாது என்றவன்.

வேறு யாராவது வழிமொழியுங்கள் என்றேன். மேசையைப் பார்க்கிறார்கள், ஜன்னலைப் பார்க்கிறார்கள். கடைசியில் தேவசகாயம் எழுந்தான். அப்பாடா என்றிருந்தது. அவன், "ஒரு திருத்தமுங்க" என்றான். திருத்தம் கொண்டுவருவது எப்படி என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். "அகற்றக் கோருகிறதுங்கற எடத்துல, மூணாம் பாகம் உடனடியா வாங்கிப் போடக் கோருகிறதுன்னு மாத்திக்கலாமுங்க. அது இங்க வாங்கவே இல்லையாமா. நூலகர் அம்மிணிகிட்ட கேட்டுப்போட்டேன்."

திருத்தம் ஏகமனதாக நிறைவேறியது. என் தீர்மானம், தம்பி. 'வன்மையாக' என்கிற சொல் அப்படியே இருக்கிறது. மூன்றாம் பாகத்தை வன்மையாகக் கோருகிறார்கள். தலைவர் என்ற முறையில் நான்தான் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகுதான் இந்த மனு. தனி ஆளாக. எனக்குத் தனியாக நிற்பது புதிதில்லை. நான்கு பக்கம் எழுதினேன். இப்போதெல்லாம் கையெழுத்து மனுவை வாங்கி அப்படியே மேசைக்கு அடியில் போட்டுவிடுகிறார்கள், அச்சடித்துக் கொடுக்க வேண்டும். வீட்டில் அந்த வேலை தெரிந்தவள் நிறைமதிதான். அவளிடமே கொடுத்தேன். மறுத்தால் மறுக்கட்டும், அதையும் மனுவில் சேர்க்கலாம் என்றிருந்தேன்.

மறுக்கவில்லை. உட்கார்ந்து முழுவதும் படித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அந்த முகம் அவள் அப்பன் முகம்.

"அப்பாரு, உங்க கோரிக்கையே மூணாவது பக்கத்துலதான் வருது."

"பின்னணி வேண்டாமா?"

"ஒரு தாளு, ரெண்டு பக்கம். அதுக்கு மேல நீட்டறவன் எதையோ மறைக்கறான். நீங்கதான சொல்லுவீங்க?"

சுருக்கிக் கொடுத்தாள். பாருங்கள், பிழை இல்லாமல் இருக்கிறது. கோரிக்கை முதல் வரியிலேயே வருகிறது. நான் எழுதியதைவிடப் பலமாக இருக்கிறது. தன் அலமாரிக்கு எதிராக ஒருத்தி இவ்வளவு நன்றாக எழுதிக் கொடுப்பாளா? "மனு குடுக்கறது உங்க உரிமைங்க அப்பாரு" என்கிறாள். இதுதான் எனக்கு விளங்கவில்லை. இதில் ஏதோ இருக்கிறது.

இன்று காலையில் பையை அவள்தான் எடுத்து வைத்தாள். மனு கசங்கக் கூடாது என்று ஒரு புத்தகத்துக்குள் வைத்திருக்கிறாள். என் ஆட்கள் அலமாரியைக் காலி செய்தபோது தப்பிய ஒரே புத்தகம். இவளிடமே இருந்திருக்கிறது, எனக்குத் தெரியாது. "இது யாருக்கு?" என்று கேட்டேன். விதிப்படி சொல்ல வேண்டுமே. "படிச்சுட்டு நீங்களே வந்து சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விட்டாள். யாருக்கு என்று சொல்லாமல் கொடுப்பது அவர்கள் விதிக்கே விரோதம். படிக்கிற கண்ணாடியையும் பையில் வைத்திருக்கிறாள். நான் மறந்துவிடுவேனாம். எல்லாம் திட்டமிட்ட வேலை.

ஆமாம், நீங்கள் ஏறும்போது படித்துக்கொண்டுதான் இருந்தேன். புரட்டவில்லை, படித்தேன். மறைக்க என்ன இருக்கிறது? எதிரியின் ஆவணத்தைப் படிக்காமல் மனு கொடுக்கக் கூடாது.

உப்பளத்தில் வேலைநிறுத்தம் என்று ஆரம்பிக்கிறது. பரவாயில்லை, ஒருவனாவது எழுதியிருக்கிறானே என்று நினைத்தேன். ஏமாற்று. வேலைநிறுத்தம் இரண்டே பக்கத்தில் வந்துபோகிறது. கோரிக்கை என்ன, பேச்சுவார்த்தையில் என்ன ஆயிற்று, ஒன்றும் இல்லை. மிச்சப் புத்தகம் முழுக்கத் தலைவரின் மகன். சின்னப் பையன். பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து அப்பாவுக்காகக் காத்திருக்கிறான். பஸ் வருகிறது, போகிறது. அப்பா இறங்கவில்லை. அடுத்த பஸ் வருகிறது. இதைப் போய் ஒரு புத்தகம் எழுதுவார்களா? அந்த அப்பாவுக்கு எத்தனை வேலை இருந்திருக்கும், எத்தனை கிராமம் சுற்றியிருப்பார், அதை யார் எழுதுவது?

ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தப் பையனுக்கு ஒரு பழக்கம். பஸ் வந்து நின்றதும் அவன் முகங்களைப் பார்ப்பதில்லை. தலையைக் குனிந்து, படியில் இறங்குகிற கால்களைப் பார்க்கிறான். செருப்பைப் பார்க்கிறான். அப்பாவின் செருப்பு அவனுக்குத் தெரியும். முகத்தைப் பார்த்து ஏமாறுவதைவிடச் செருப்பைப் பார்த்து ஏமாறுவது கொஞ்சம் லேசாக இருக்கிறதாம். எழுதியவருக்கு இது எங்கிருந்து கிடைத்தது என்று தெரியவில்லை. விசாரிக்க வேண்டும்.

ஏன் சொல்கிறேன் என்றால், என் மகன் சமரன் சின்ன வயதில் இப்படித்தான். நான் கூட்டம் முடிந்து வரும் நாட்களில் எங்கள் ஊர் ஸ்டாப்பில் உட்கார்ந்திருப்பான். தலை குனிந்தே இருக்கும். கூச்ச சுபாவம் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான். ஒரே வீட்டில் இருக்கிறோம். என்னிடம் பேச வேண்டி வந்தால் தரையைப் பார்த்துத்தான் பேசுவான்.

இது எந்த ஸ்டாப்? ஓ, வந்துவிட்டதா. அதோ, அந்த வேப்பமரத்துக்குப் பின்னால்தான் அலுவலகம். இல்லை, இல்லை, நீங்கள் எழ வேண்டாம். நான் இறங்கவில்லை. இன்னும் கொஞ்சம் பக்கம் பாக்கி இருக்கிறது. அந்த மனிதர் கடைசியில் வீடு வந்து சேர்கிறாரா இல்லையா என்று தெரியாமல் நான் என்னவென்று மனு கொடுப்பேன்? முழு விவரம் இல்லாமல் ஸ்டூலில் ஏறியவன் இல்லை நான். கண்டக்டர், கடைசி ஸ்டாப்புக்கு ஒன்று போடுங்கள். அலுவலகம் எங்கும் ஓடிவிடாது. வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

மனு இதிலேயே இருக்கட்டும். எதுவரை படித்தேன் என்பதற்கு ஓர் அடையாளம் வேண்டும்.

ஆனால் நாளை மறுநாள் சனிக்கிழமை. புத்தகம் என் கைக்கு வந்துவிட்டது, போய் நின்று சொல்லியாக வேண்டும். பொதுவாக எதையாவது சொன்னால் அந்தப் பிள்ளைகள் உட்கார வைத்துவிடுவார்கள், நான் கேட் அர்த்தநாரி என்றெல்லாம் பார்க்க மாட்டார்கள். இப்படிச் சொன்னால் சரியாக வருமா, கேளுங்கள். 'இது, தரையைப் பார்த்துப் பேசுகிற ஒருவனுக்கு.' போதுமா? அவனிடம் யார் கொண்டுபோய்க் கொடுப்பது என்பது வேறு விஷயம். அது விதியில் இல்லை.

என்ன பார்க்கிறீர்கள்? செருப்பா? டயர் செருப்புதான். அந்தக் காலத்திலிருந்து இதே மாதிரிதான் போடுகிறேன், ஊரிலேயே நான் ஒருவன்தான் இதைப் போடுகிறவன். இதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

உண்மையைச் சொல்லுங்கள், தம்பி. உங்களை யார் அனுப்பினார்கள்?